தொண்டும் தொழிலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

கடல் கடந்து வந்தும் தமிழை மறவாத காலனிக் குடும்பத்தாரே!

ரயில் ஓடாத தீவில் ரயில்வே எழுத்தன் ஒருவனை மேடையேற்றியிருக்கிறீர்கள். தண்டவாளமே இல்லாத மண்ணில் இவனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அரக்கோணத்தில் கோப்புகளுக்கு நடுவே நாளைக் கழிப்பவன் நான். வண்டூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் தங்கையைக் காணச் சென்னையிலே கப்பலேறி, ஏறக்குறைய அறுபது மணி நேரம் அலையை எண்ணிக்கொண்டே வந்து சேர்ந்தேன். வந்த இடத்தில் உங்கள் செயலாளர் என்னை விட்டாரில்லை. “ஆண்டு விழாவில் நீங்களும் பேச வேண்டும்” என்றார். “ஐயா, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். தந்தையார் பணியில் இருக்கும்போதே மறைந்தமையால் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தன் ஆனவன். கம்பனைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் பேச என்னால் ஆகுமா?” என்றேன். “உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்” என்றார் அவர்.

எனக்குத் தெரிந்தவை இரண்டே. விண்ணப்பம் நிரப்புவது ஒன்று. ஒருத்தியின் விண்ணப்பத்தைத் தடுத்து நான் செய்த பிழை மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்தே இன்று பேசப்போகிறேன். வேறு படிப்புப் படித்து, வேறு வேலையில் அமர்ந்துவிட்ட பின்னர், செவிலியர் ஆக வேண்டும் என்று விரும்பும் பிள்ளைகளைப் பற்றியது என் பேச்சு.

என் தங்கை மகளை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவள் இசைவு பெற்றே இதைச் சொல்கிறேன். வணிகவியலில் பட்டம் பெற்றவள். ஐந்தாண்டுகளாக நகரத்தில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதி வந்தாள். இரண்டாண்டுகளுக்கு முன் என் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையிலே படுத்துவிட்டார். என் மனைவியோ பள்ளி செல்லும் பிள்ளைகளை விட்டு நகர இயலாத நிலை. நானோ விடுப்புக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். சொல்லி அனுப்பாமலே ஓடி வந்தவள் இந்தப் பெண்தான். சம்பளமில்லா விடுப்பில் நாற்பது நாள் தன் பாட்டியின் கட்டிலருகே இருந்தாள்.

அந்த நாற்பது நாளும் அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். எந்த மணிக்கு எந்த மாத்திரை, எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் கழித்தார், எப்போது புரட்டிப் படுக்க வைத்தோம் என்று பற்று வரவு எழுதுவதுபோல எழுதி வந்தாள். கணக்கெழுதிய கை அல்லவா? ஓர் இரவு பணியிலிருந்த செவிலியர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “எங்கள் பள்ளியில் முதலாண்டிலே சொல்லித் தருவது இது; உனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?” என்று கேட்டாராம். அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் விதையாக விழுந்தது.

ஊர் திரும்பிய பின் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். “மாமா, எனக்கு நர்ஸிங் படிக்க வேண்டும் என்று இருக்கிறது. வயது இருபத்தாறு ஆகிறது. விண்ணப்பம் போட வழி உண்டா என்று விசாரித்துச் சொல்லுங்கள்” என்பது கடிதத்தின் சாரம். வீட்டிலே படித்து வேலை பார்ப்பவன் நான் என்று நம்பிக் கேட்டாள். நான் என்ன செய்தேன்? ஒரு மாதம் பதிலே எழுதவில்லை. பிறகு எழுதினேன்: பெற்ற பட்டத்தைக் கடலில் எறியாதே, பதினேழு வயதுச் சிறுமிகளோடு பெஞ்சில் உட்காருவாயா, பிறருடைய மலஜலம் எடுக்கும் வேலை நமக்கு வேண்டாம், நல்ல இடத்தில் திருமணம் பேசுவோம். இவ்வாறு நான்கு பக்கம். அவள் மறுமொழி எழுதவில்லை. அந்த ஆண்டு விண்ணப்பமும் போடவில்லை.

இந்தப் பெருமையை ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் என் தாயாரிடம் சொன்னேன். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ பணம் கட்டினாய், அவள் என்னைத் தொட்டுத் தூக்கினாள். இரவு இரண்டு மணிக்கு நான் முனகியபோது எழுந்தது யார்? எது உசத்தி, எது மட்டம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்” என்றார். சோறு எனக்கு இறங்கவில்லை.

அன்பர்களே! நான் எழுதிய நான்கு பக்கத்தில் மூன்று வாதங்கள் இருந்தன. இந்தக் காலனியிலும் பல வீடுகளில் அதே மூன்று வாதங்கள் இருக்கக்கூடும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம், இது தாழ்ந்த வேலை என்பது. நம் வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்ற மூன்றோடு, அருகிருந்து துணைசெய்பவனையும் நான்காவது உறுப்பாக வைத்தார். ‘உழைச்செல்வான்’ என்பது அவர் தந்த பெயர். அவனுக்கு வேண்டிய பண்புகளாக நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறன், அறிவு ஆகியவற்றை உரையாசிரியர் எடுத்துரைக்கிறார். மருத்துவனோடு ஒரே வரிசையில் வள்ளுவர் வைத்தவரைக் கீழே இறக்க நாம் யார்? அச்சொல் ஆண்பாலில் அமைந்திருப்பதை இளைஞர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். இனி, ‘செவிலி’ என்ற சொல்லோ சங்க இலக்கியத்திலே தலைவியை வளர்த்தெடுத்த தாயைக் குறிப்பது. நோயாளியின் கட்டிலருகே நிற்பவருக்குத் தமிழர் தாயின் பெயரையே தந்தார்கள் என்றால் அதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

இரண்டாவது வாதம், வயது கடந்துவிட்டது என்பது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் இல்லை. 1820-ஆம் ஆண்டு செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். நோயாளிகளுக்குப் பணிசெய்ய விரும்பியபோது தாயும் தமக்கையும் கடுமையாக எதிர்த்தார்கள். ஆண்டுகள் பல வீணாயின. 1851-ஆம் ஆண்டு, ஏறக்குறைய முப்பத்தொரு வயதிலேதான் ஜெர்மனி நாட்டுக் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் முறையான பயிற்சி பெற முடிந்தது. மூன்றே ஆண்டு கழித்து, 1854-இல், கிரிமியப் போர்க்கால மருத்துவமனைக்குச் சென்றார். 1860-இல் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கக் காரணமானார். அவர் கணக்கிலும் வல்லவர். போர்க்காலத்துச் சாவுகளில் நோயால் வந்தவை எத்தனை, காயத்தால் வந்தவை எத்தனை என்று கணக்கிட்டு, வட்டப் படமாக வரைந்து அரசாங்கத்தின் கண்ணைத் திறந்தார். கணக்கு அறிந்தவர்க்குச் செவிலியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

மூன்றாவது வாதம், பழைய பட்டம் வீணாகிவிடும் என்பது. இங்கே என் ஊரை உவமையாக எடுத்துக்கொள்ள இசைவு தாருங்கள். அரக்கோணம் ஒரு சந்திப்பு நிலையம். சென்னையிலிருந்து வரும் பாதை அங்கே பிரிந்து ஒன்று ரேணிகுண்டாவுக்கும் ஒன்று காட்பாடிக்கும் செல்கிறது. காட்பாடி போக வேண்டியவர் அவசரத்தில் ரேணிகுண்டா வண்டியில் ஏறிவிடுவதுண்டு. தவறு தெரிந்ததும் இறங்குகிறார். சீட்டு வாங்கிவிட்டோமே என்பதற்காகத் திருப்பதி மலை வரைக்கும் போகிறவர் உண்டா? இல்லை. பழைய சீட்டு புதிய வண்டியில் செல்லாது என்பது மெய்தான். ஆனால் கையிலுள்ள மூட்டை அவருடையது; அது அவரோடுதான் இறங்கும். படித்த பட்டம் சீட்டு; பட்டத்தால் வந்த பழக்கமும் பொறுமையும் மூட்டை. சீட்டுப் போனாலும் மூட்டை போகாது.

உவமை சொல்லிவிட்டேன். இனி விதியைச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது. எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிற நாடுகள் சிலவற்றிலே பட்டதாரிகளுக்கென்று குறுகிய செவிலியப் படிப்பு உண்டு. அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின்போது, பட்டம் பெற்ற பெண்கள் நானூற்றுக்கு மேற்பட்டோரை வாசர் கல்லூரியில் சேர்த்து, கோடைக் காலத்து மூன்று மாதங்களில் அடிப்படைப் பாடங்களைக் கற்பித்து, மருத்துவமனைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பட்டதாரிகள் என்பதனால் மூன்றாண்டுப் பயிற்சியில் ஏறக்குறைய ஒன்பது மாதம் குறைந்தது. இன்று அந்நாட்டில் வேறு துறைப் பட்டதாரி ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் செவிலியப் பட்டம் பெறும் வழி இருக்கிறது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டாண்டில் முடியும் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நம்மவர் மிகுதியாக வாழும் சிங்கப்பூரிலோ, வேறு வேலை பார்த்தவர்கள் அரசின் ஆதரவோடு இரண்டாண்டு பயின்று செவிலியர் ஆகும் திட்டம் உண்டு. இவற்றில் இடம் கிடைப்பது எளிதன்று. பழைய பட்டத்தின் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் ஆகிய பாடங்களை முன்னரே தேறி வரும்படி அமெரிக்கப் பள்ளிகள் பல கேட்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, “இருந்த வேலையை விட்டு இதற்கு ஏன் வருகிறாய்?” என்று எழுத்திலும் நேரிலும் வினவுகிறார்கள்.

நம் நாட்டிலே அத்தகைய குறுக்கு வழி இல்லை. இதை முதலிலேயே தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். பி.காம். படித்தவரும், பி.ஏ. படித்தவரும், பொறியியல் படித்தவரும் பள்ளி முடித்த மாணவர் நிற்கும் வரிசையிலேயே நிற்க வேண்டும். அங்கே எடை போடப்படுவது பட்டம் அன்று. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்தான்.

வாசல்கள் மூன்று. முதலாவது, பி.எஸ்ஸி. நர்ஸிங் என்னும் நான்காண்டுப் பட்டப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றிலும் சேர்த்துப் பொதுவாக நூற்றுக்கு 45 மதிப்பெண்ணும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். இந்தியாவிலே நான்காண்டுச் செவிலியப் பட்டப் படிப்பு 1946-ஆம் ஆண்டு டெல்லியிலும் நம் வேலூரிலும் தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் உருவாக்கிய மருத்துவமனையில் 1909-ஆம் ஆண்டிலேயே செவிலியர் பள்ளி ஏற்பட்டுவிட்டது. காட்பாடியில் இறங்கி வேலூருக்குச் செல்லும் வங்காளத்து நோயாளிகளை எங்கள் வண்டிகளில் நான் நாள்தோறும் பார்க்கிறேன். இத்தகைய இடங்களில் போட்டி கடுமை. எய்ம்ஸ் போன்ற நிறுவனங்கள் இயற்பியல், வேதியியல், உயிரியல், பொது அறிவு ஆகியவற்றில் நுழைவுத் தேர்வு வைக்கின்றன. பள்ளியை விட்டு எட்டாண்டு ஆனவர் அப்பாடங்களை மீண்டும் அடியிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வாசல், ஜி.என்.எம். என்று சுருக்கமாக வழங்கும் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு. இதற்கு அறிவியல் பிரிவில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எந்தப் பிரிவானாலும் பன்னிரண்டாம் வகுப்பில் பொதுவாக நூற்றுக்கு 40 பெற்று, ஆங்கிலத்திலும் தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். வயது 17 நிறைந்திருக்க வேண்டும், 35-ஐக் கடந்திருக்கலாகாது. ஆண்களும் சேரலாம். முடித்துப் பதிவு பெற்றவர் பின்னர் இரண்டாண்டு படித்து பி.எஸ்ஸி. பட்டமும் பெறலாம். ஆகவே வணிகவியலும் வரலாறும் படித்தவர்க்கு இதுவே நேரான வாசல். மூன்றாவது வாசல், ஏ.என்.எம். எனப்படும் இரண்டாண்டுத் துணைச் செவிலியர் படிப்பு. இது பெண்களுக்கு உரியது. கிராமத்துச் சுகாதாரப் பணிக்கு இது அடித்தளம்.

கணக்குப் போடுங்கள். இருபத்தெட்டில் சேர்ந்தால் முப்பத்தொன்றில் செவிலியர். சேராமல் இருந்தாலும் முப்பத்தொன்று வரத்தான் போகிறது. வயது நம்மைக் கேட்டா வருகிறது?

இனி, விண்ணப்பம் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை ஒரு குமாஸ்தாவின் முறையில் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, உங்களையே வினவுங்கள். வெளிநாட்டுப் பள்ளிகள் கேட்கும் ‘ஏன்’ என்ற கேள்வி நம் நாட்டு விண்ணப்பத் தாளில் பெரும்பாலும் இராது. இல்லையென்று விட்டுவிடாதீர்கள், ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள். வெளிநாட்டுச் சம்பளம் என்ற ஒரே விடைதான் வருகிறது என்றால் பொறுத்திருங்கள். உறவினர் ஒருவர் மருத்துவமனையில் கிடக்கும்போது பார்வையாளர் நேரத்தில் ஆரஞ்சுப் பழத்தோடு போய்த் திரும்பாமல், நாலு இரவு உடனிருங்கள். ஐந்தாம் நாளும் மனம் அங்கே நிற்கிறதென்றால் பிறகு விண்ணப்பம் வாங்குங்கள்.

இரண்டாவது, பள்ளியை ஆராயுங்கள். பயிற்சி முடித்தவரை மாநிலச் செவிலியர் மன்றம் பதிவு செய்யுமா, தனக்கென்று நோயாளிகள் வந்து போகும் மருத்துவமனை அப்பள்ளிக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். பதிவு இல்லாத சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும். “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று முன்பணம் கேட்கும் தரகரைக் கண்டால் விலகி நில்லுங்கள்.

மூன்றாவது, சான்றிதழ்கள். இருபதாண்டு கோப்புப் பார்த்தவன் சொல்கிறேன், கேளுங்கள். தமிழர்க்குப் பெரும்பகை முன்னெழுத்து! பள்ளிச் சான்றிதழில் ‘எஸ்.’ என்று ஓர் எழுத்து. பட்டத்தில் தந்தையின் முழுப் பெயர். ஆதாரில் பெயரும் தந்தை பெயரும் இடம் மாறி நிற்கும். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க ஓடுவதற்குள் கடைசி நாள் கடந்துவிடும். இன்றைக்கே எடுத்து ஒப்பிட்டுத் திருத்துங்கள். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், உடல்தகுதிச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பிறப்பிடச் சான்றில் தனிக் கவனம் வேண்டும். தலைமுறையாக இத்தீவில் வாழ்பவர் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் உரிமை கேட்கப் போனால் அங்கே கதவு அடைபடலாம். எந்த மண்ணின் சான்று கையிலிருக்கிறதோ அந்த மண்ணின் இடத்துக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

நான்காவது, பணம். படிக்கும் மூன்றாண்டும் சம்பளம் வராது. கட்டணத்தோடு விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணம், கப்பல் செலவு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். வேலை பார்க்கும் நாளிலேயே சேமியுங்கள். என் தங்கை மகள் இதில் என்னை மிஞ்சிவிட்டாள். மூன்றாண்டுச் செலவையும் மாதவாரியாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறாள்.

ஐந்தாவது, காலம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்த பிறகு இத்தீவுகளில் இணைய வசதி பெருகியிருக்கிறது. ஆயினும் கடைசி நாளில் எல்லோரும் ஒரே வாசலில் முட்டுவார்கள். பத்து நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். நேர்காணலுக்கோ கலந்தாய்வுக்கோ அழைப்பு வந்தால் நமக்கு நடுவே கடல் இருக்கிறது. கப்பல் புறப்படும் நாளை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றைத் திட்டமிடுங்கள்.

ஆறாவது, நேர்காணலில் பழைய வேலையை மறைக்காதீர்கள். “இத்தனை ஆண்டு என்ன செய்தாய்?” என்று கேட்டால் தலை குனிய வேண்டாம். கணக்கு எழுதினேன், பிழையில்லாமல் எழுதினேன். கடையில் நின்றேன், கோபக்காரரிடமும் பொறுமையாகப் பேசினேன் என்று சொல்லுங்கள். மருந்தின் அளவில் ஒரு புள்ளி தவறினால் என்ன ஆகும் என்று கணக்கருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்துணையும் சொன்னவன் கசப்பையும் மறைக்கலாகாது. இரவுப் பணி உண்டு. கால் கடுக்க நிற்பது உண்டு. காப்பாற்ற முடியாதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பதும் உண்டு. தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் தொடக்கச் சம்பளம் மிகக் குறைவு. அரசுப் பணி வேறு வகை. 2016-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் இளநிலை எழுத்தருக்கு இரண்டாம் நிலை; தொடக்க ஊதியம் 19,900 ரூபாய். ரயில்வே மருத்துவமனையில் சேரும் செவிலியருக்கு அதே அட்டவணையில் ஏழாம் நிலை, 44,900 ரூபாய். தாழ்ந்த வேலை என்று நான்கு பக்கம் எழுதிய எழுத்தன் எந்த நிலையில் நின்று எழுதினான் என்பதை நீங்களே கண்டுகொள்ளுங்கள்! ஆனால் அந்த இடங்களுக்கும் தேர்வு உண்டு, போட்டி உண்டு. செவிலியரின் தேவை மட்டும் குறைவதில்லை. உலகில் 59 இலட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது.

கடல் கடந்த நாட்டு எடுத்துக்காட்டுகளே வேண்டாம் என்பீர்களானால் நம் தீவையே பாருங்கள். ரங்கத் பகுதியில் பிறந்த சாந்தி தெரசா லக்ரா அம்மையார் துணைச் செவிலியராகப் பணியில் சேர்ந்தவர். நான் சொன்ன மூன்று வாசலில் மிகச் சிறிய வாசல் வழியாக வந்தவர். லிட்டில் அந்தமானில் ஓங்கே மக்கள் வாழும் டுகாங் கிரீக்கில் பணியாற்றினார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. அந்த நாளை நம் வண்டூர்க் கரையும் மறக்கவில்லை. அலை குடியிருப்பைச் சிதைத்த பின்னரும் அம்மையார் அம்மக்களை விட்டு வரவில்லை. அவர்களோடு தங்கி, நோயும் பேறும் பார்த்தார். 2011-ஆம் ஆண்டு நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. வாசல் சிறிதாயிருந்தால் என்ன? உள்ளே போனவரின் உள்ளம் பெரிதாயிருந்தது.

அன்பர்களே! முடிக்கும் முன் என் கணக்கில் மீதமிருக்கும் ஒன்றையும் எழுதிவிட வேண்டும். கடலுக்கு அப்பால் ஒரு செவிலியர் பள்ளிக்கு இந்த ஆண்டு என் தங்கை மகள் விண்ணப்பித்திருக்கிறாள். சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுத்தவன் நான்தான். தேர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வெளிவரும். சென்ற ஆண்டுப் பட்டியல் அப்பள்ளியின் பலகையிலே இருந்தது. கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைப் பார்த்தேன். அது இவளுடையதைவிடக் குறைவு. சென்ற ஆண்டு விண்ணப்பித்திருந்தால் இவள் இன்று இரண்டாமாண்டு மாணவியாக இருந்திருப்பாள். இந்த ஆண்டு எப்படியோ, யார் அறிவார்? அவள் இதை ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று இத்தனை நாள் நானும் கேட்கவில்லை. இந்த மேடையிலே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன்.

இடம் கிடைத்தால் மகிழ்வோம். கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் விண்ணப்பிப்பாள். அதன் அடுத்த ஆண்டும் விண்ணப்பிப்பாள். முப்பத்தைந்து வரை வாசல் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் ஒன்றைத் தின்றவன் அவளுடைய தாய்மாமனாகிய நான்.

பெற்றோர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை நாளை வந்து கேட்கலாம். செவிலியமாக இருக்கலாம், வேறொரு படிப்பாக இருக்கலாம். உடனே சரி என்று சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்த மாட்டேன். விதியைப் பாருங்கள், வயதைப் பாருங்கள், பணத்தைப் பாருங்கள். உண்மையான தடை எதுவாயினும் எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் நான்கு பேர் என்ன நினைப்பார்கள் என்பதைத் தடையாக எழுதாதீர்கள். அந்த நான்கு பேரும் நோய்வாய்ப்பட்டுப் படுக்கும் நாளில், அவர்கள் கட்டிலருகே நிற்க ஒருவர் வேண்டும் அல்லவா?